மூன்று நாடாவும் ஆறு தையலும்

மார்ச் 3

அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவதா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்து, எழுதிவிட்டேன். அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று, "இனிமே உங்ககூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சொன்னேன். இரண்டு வருஷமாகப் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. எழுதுகிறேன். எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு மியூசியத்தைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். பதினோரு வருஷமாகத் தற்காலிகம்தான். திங்கட்கிழமை பெருங்குடல் மாதிரியைத் துடைத்து அலமாரியில் ஏற்றும்போது ஸ்டூல் ஆடியது. நான் ஒரு பக்கம், குடல் ஒரு பக்கம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அது பிளாஸ்டர், பதினாலு துண்டு.

பேராசிரியர் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பதினாலாம் தேதி முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு இந்தப் பாடம். அதுக்குள்ள காட்டுறதுக்கு ஒண்ணு இருந்தா நான் எதையும் எழுதல. இல்லேன்னா எழுதித்தான் ஆகணும்" என்றார்கள். எழுதினால் என் வேலை போய்விடும்.

புது மாதிரி வந்து சேர மூன்று மாதம் ஆகுமாம். அப்போதுதான் என் மகனுக்கு மூன்று வயதில் நீங்கள் தைத்துக் கொடுத்த துணி யானை ஞாபகம் வந்தது. அந்தத் தும்பிக்கை இன்றைக்கும் கிழியவில்லை. கேட்டேன். "துணியோ பலகையோ, உறுப்பு சரியா இருக்கணும்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்கள்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். மொத்தம் ஐந்தடி நீளம். இடது பக்கக் கீழ்மூலையில் ஒரு பை மாதிரி ஆரம்பிக்கும். அதிலிருந்து குடல்வால் தொங்கும். பையிலிருந்து மேலே ஏறி, குறுக்கே போய், வலது பக்கமாகக் கீழே இறங்கி, கடைசியில் நெளிந்து முடியும். *கவனமாகத்* தையுங்கள்.

அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலும் அவரிடமே கொடுக்கலாம். கொடுப்பதாக இருந்தால்.

உங்கள் நாத்தனார்

———

மார்ச் 4

அன்புள்ள மியூசியத்தம்மாவுக்கு,

உன் அண்ணன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து, சாப்பாட்டுப் பையைத் திறந்து, காலி டப்பாவுக்கு அடியிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினார். முப்பது வருஷத்தில் அந்தப் பையிலிருந்து எனக்கு வந்த முதல் காதல் கடிதம். அதுவும் குடல் கேட்டு.

அவர் முகத்தை நீ பார்க்கவேண்டுமே. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். "என்னவாம்?" என்றார்.

"உங்க தங்கச்சிக்குப் பெருங்குடல் வேணுமாம்."

"நம்மகிட்ட ஏது?"

"உங்ககிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா அவளுக்கு நல்லதா வேணுமாம்."

தைக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் அளவு எடுத்துக் கொடுத்தால் எதையும் தைப்பேன். இதுவரை என்னிடம் தைத்தவர்கள் எல்லாம் குடலை உள்ளே வைத்துக்கொண்டு வந்தார்கள். நீதான் வெளியே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

"கவனமாக" என்பதற்கு அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறாய். கல்யாணக் கோட்டுக்கு அளவு எழுதி அனுப்பியபோது இரண்டு கோடு போட்டிருந்தாய். என் மேல் நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. சந்தோஷம்.

இனி வேலைக் கேள்வி. குழாய் எல்லா இடத்திலும் ஒரே அகலமா? படத்தில் அது வீக்கம் வீக்கமாக, தலையணையைக் கயிற்றால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வீக்கத்தையும் தனித்தனியாகத் தைப்பதா? அப்படியானால் பதினாலாம் தேதி இல்லை, உன் பேரனுக்குக் கல்யாணம் ஆகும்போதுதான் தருவேன். ஓரத்தில் சின்னச் சின்னதாகத் தொங்குகிறதே, அது என்ன? பேனா கசிந்ததா?

எழுத்துப்பிழை இருந்தால் மன்னித்துக்கொள். தையல்பிழை இருக்காது.

உன் அண்ணி

———

மார்ச் 5

அண்ணிக்கு,

பேனா கசியவில்லை. அவை கொழுப்புக் குஞ்சங்கள். பெருங்குடலின் வெளிப்பக்கத்தில் அப்படித்தான் தொங்கும். சிறுகுடலில் இருக்காது. இரண்டையும் வேறுபடுத்த மாணவர்கள் பார்க்கிற அடையாளங்களில் அது ஒன்று. தயவுசெய்து கேலி செய்யாமல் தையுங்கள்.

அகலம் ஒரே மாதிரி இல்லை. தொடங்குகிற பைதான் எல்லாவற்றிலும் அகலம், மூன்று அங்குலம் வைக்கலாம். போகப்போகக் குறுகி, நெளிகிற இடத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இருந்தால் போதும். மேலே இரண்டு திருப்பம். வலது பக்கத் திருப்பம் சற்று உயரம்.

வீக்கங்களைத் தனித்தனியாகத் தைக்கவேண்டாம். குடலின் மேல் நெடுகிலும் மூன்று தசைப்பட்டைகள் ஓடுகின்றன, நாடா மாதிரி. அவை குடலைவிட நீளம் குறைவு. அதனால்தான் குடல் அப்படிப் பை பையாக இருக்கிறது. இதைத் துணியில் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று பட்டைகளும் குடல்வாலின் அடியில் ஒன்றுசேரும். அது முக்கியம்.

குடல்வால் பென்சில் கனம், மூன்று நாலு அங்குலம். அடிப்பகுதி ஒரே இடத்தில்தான் இருக்கும். நுனி ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கீழே தொங்கும், பலருக்குப் பைக்குப் பின்னால் மடங்கி ஒளிந்திருக்கும்.

சிறுகுடல் வந்து பையின் பக்கவாட்டில் சேரும். சேருமிடத்தில் இரண்டு உதடு மாதிரி மடிப்பு உண்டு. உள்ளே வந்தது திரும்பிப் போகாமல் அது தடுக்கும்.

ஏறுகிற குடலும் இறங்குகிற குடலும் முதுகுச் சுவரோடு ஒட்டியிருக்கும். குறுக்கே போவதும் நெளிவதும் தளர்ந்து தொங்கும். அதனால் முதுகுச் சுவருக்குப் பதில் ஒரு கெட்டியான பலகைத் துணியில் ஏறுவதையும் இறங்குவதையும் தைத்துவிட்டு, மற்றதை மேல்விளிம்பில் மட்டும் பிடித்துத் தொங்கவிடுங்கள்.

நேற்று பேராசிரியர் காலியாக இருக்கிற அலமாரித் தட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

நாத்தனார்

———

மார்ச் 8

என் குடலின் குடலே,

மூன்று நாளாக நானும் ஒரு குடலுமாகக் குடும்பம் நடத்துகிறோம். திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சின ரோஸ் நிற லைனிங் துணி, உள்ளே பஞ்சு.

நீ படித்தவர்கள் மத்தியில் இருந்து கெட்டுப்போய்விட்டாய். "எப்படிச் செய்வது என்று தெரியவில்லை" என்று எழுதினாயே, அது குழந்தை கவுனின் இடுப்பு! துணி நீளம், நாடா குட்டை. நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெஷினை மிதித்தால் துணி தானாகச் சுருங்கிக்கொள்ளும். ஆறடித் துணிக்கு ஐந்தடி நாடா, மூன்று வரிசை. முடித்துப் பஞ்சு அடைத்தேன். நாடாவுக்கு நடுவே ஒவ்வொரு சுருக்கும் கன்னம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. வயிற்றுக்குள் உட்கார்ந்து தைத்தவன் எவனோ, அவன் நல்ல டெய்லர். துணியை வீணாக்கவே இல்லை.

குஞ்சத்துக்கு மஞ்சள் கம்பளி நூல். உன் அண்ணன் உட்கார்ந்து நாற்பது குஞ்சம் கட்டினார். பஸ் ஓட்டுகிற கை, ஒவ்வொன்றும் ஹாரன் சைசில் வந்தது. பிரித்து நானே கட்டினேன். அந்த உதடு மடிப்பையும் வைத்தாயிற்று. வந்தது திரும்பிப் போகாது என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களை நினைத்துக்கொண்டே தைத்தேன், கச்சிதமாக அமைந்தது. பிள்ளைகள் திறந்து பார்க்கட்டும் என்று பைக்கு ஒரு ஜிப்பும் போட்டேன்.

கால்சட்டை சின்னதாக்க வந்த வங்கிக்காரர் அதை ஹேங்கரில் பார்த்துவிட்டு, "குளிருக்கா?" என்றார்.

"இல்ல சார், மலத்துக்கு."

கால்சட்டையை வாங்காமலே போய்விட்டார்.

இப்போது சிரிப்பதை நிறுத்து. உட்கார்ந்து படி.

எதைத் தைத்தாலும் மேலே வைத்துப் பார்ப்பது என் பழக்கம். இன்று காலை முடித்த குடலை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். குடல்வால் என் இடது இடுப்பில் தொங்குகிறது. என் ஆபரேஷன் தழும்போ வலது பக்கம். நீ சொன்னது சரியென்றால், போன வருஷம் என்னைக் கிழித்த டாக்டர் ஊர் தப்பி இறங்கினவர். அவர் சரியென்றால், உன் படம் தப்பு.

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தாளில் குடல்வால் இடது பக்கம். எங்கள் தொழிலில் இடது என்றால் போட்டிருப்பவரின் இடது. எதிரில் நிற்கிறவரின் இடது இல்லை. அதனால் நீ முதுகுப் பக்கத்தை வரைந்திருக்கிறாய் என்று நினைத்து, அப்படியே முன்பக்கத்துக்கு மாற்றித் தைத்துவிட்டேன். நீயோ முன்பக்கத்தை வரைந்துவிட்டு, தாளின் இடது வலதை எழுதியிருக்கிறாய். சரியா?

புரட்டிப் போட்டால் ஆயிற்று என்று நினைக்காதே. பலகைத் துணியோடு ஒட்டித் தைத்தாகிவிட்டது. முன்னால் தொங்கவேண்டியது எல்லாம் பின்னால் போய்விடும். பிரிக்கத்தான் வேண்டும்.

பிரிக்கும்போது எனக்கு ஒரு கோட் ஞாபகம் வருகிறது. உனக்கும் வரும்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அந்தக் குடல்வால் வெடிக்கப் பார்த்து நான் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ எட்டிப் பார்க்கவில்லை. சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லித்தான் காட்டுகிறேன்.

உன் அண்ணி

———

மார்ச் 9

அண்ணி,

என் தப்பு. முழுக்க என் தப்பு.

எங்கள் மியூசியத்திலும் இடது வலது என்றால் படுத்திருப்பவரின் இடது வலதுதான். இதை மாற்றிச் சொல்லிப் பிள்ளைகள் திட்டு வாங்குவதைப் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே தரை துடைக்கிறேன். எனக்கே இப்படி. தாளைப் பார்த்து எழுதிவிட்டேன். உங்கள் வயிற்றிலேயே ஆறு தையலோடு சாட்சி இருக்கும்போது நான் எதை வாதாட?

மாற்றி எழுதுகிறேன். தொடங்குகிற பையும் குடல்வாலும் வலது பக்கம். இறங்குவது இடது பக்கம். உயர்ந்த திருப்பமும் இடது பக்கம்தான். எல்லாம் குடலுக்குச் சொந்தக்காரரின் வலது, இடது.

இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. முடியுமா? முடியாது என்றாலும் எழுதிவிடுங்கள், நான் பேராசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் காலித் தட்டுதான் கண்ணில் நிற்கிறது.

கோட் விஷயம் வேறு. அதை இதோடு சேர்க்கவேண்டாம். ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் அளவும் குறிப்பும் எழுதினேன். படத்தில் மேல்பை என் வலது கைப்பக்கம் இருந்தது. வலது பக்கம் என்று எழுதினேன்.

இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. இதற்கு மேல் எழுத நேரமில்லை, மணி அடித்துவிட்டது.

நாத்தனார்

———

மார்ச் 12

அடி கள்ளி,

குடல் முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் ஊசி குத்திற்று. ஆறு தையல் என்று எழுதியிருக்கிறாய். என் வயிற்றில் எத்தனை தையல் என்று எண்ணியவர்கள் மூன்று பேர். போட்ட டாக்டர், பிரித்த நர்ஸ், தொழில் மரியாதைக்காக நான். உன் அண்ணனிடம்கூடக் காட்டவில்லை, அவர் ரத்தம் கண்டால் விழுகிற ஆள். உனக்கு யார் சொன்னது?

அவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"என் வயித்துல எத்தன தையல்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க தங்கச்சிக்குத் தெரியுது."

அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தார். போட்டிருந்தது செருப்பு.

"ஆஸ்பத்திரியில எனக்கு யாரு தலை பின்னினது? நீங்கதானே பின்னினேன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"இப்ப பின்னுங்க பாப்போம்." சீப்பைக் கையில் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் போராடினார். என் தலையில் நூல்கண்டைப் பூனை புரட்டின மாதிரி ஒன்று உண்டாயிற்று. அப்புறம் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு நாள் வந்தா. நீ மயக்கத்துல இருந்த. கட்டு மாத்துறப்ப கூடவே நின்னா. நீ கண்ண முழிச்சதும் எந்திரிச்சுப் போயிட்டா. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றார்.

நாலு குஞ்சம் கட்டத் தெரியாத கை என் தலைமுடியை அவ்வளவு நேராகப் பின்னியது என்று நானும் ஒரு வருஷம் நம்பினேனே. ஊரெல்லாம் பெருமை பேசினேனே. பக்கத்துக் கடைக்காரி தன் புருஷனை என் வீட்டுக்காரரைக் காட்டித் திட்டினாளே. அந்தப் பாவமெல்லாம் உனக்குத்தான்.

பேசமாட்டேன் என்றாய், எழுதினாய். பேசமாட்டேன் என்றாய், வந்து தலை பின்னிவிட்டுப் போனாய். உன் சபதத்தில் எத்தனை ஜிப் வைத்துத் தைத்திருக்கிறாய்?

நீ தப்பை ஒத்துக்கொண்டாய். இப்போது என் முறை. எழுதக் கை வரவில்லை, எழுதிவிடுகிறேன். கோட்டுக்கு மேல்பை போட்டிருப்பவரின் இடது நெஞ்சில்தான் என்று எனக்குத் தெரியாதா? பத்து வயதில் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். "பை வலது பக்கம்" என்று படித்ததும் இது தப்பு என்று தெரிந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்தக் "கவனமாக"வையும் அதற்கடியில் இருந்த இரண்டு கோட்டையும் பார்த்துக் கோபம் வந்தது. சொன்னபடியே தைத்துவிட்டு, நீ கேட்டால் நீ எழுதி அனுப்பிய அளவுச் சீட்டைக் காட்டலாம் என்று இருந்துவிட்டேன். பெண்வீட்டார் எல்லாரும் உன் பிள்ளை நெஞ்சைப் பார்த்துச் சிரித்தபோது நான் எதிர்பார்த்த மாதிரி எனக்குச் சந்தோஷமாக இல்லை. உன் முகத்தைப் பார்த்தேன். சீட்டு என் கைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுக்காததையும் பெருமையாக நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

குடல் உன் அண்ணன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறது. டிக்கெட் கேட்டால் மாணவர் சலுகை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஜிப்புக்குப் பக்கத்தில் ஒரு லேபிள் தைத்திருக்கிறேன், படித்துப் பார்.

ஒன்று ஞாபகம் வை. மூன்று நாடாவையும் நீ சொன்ன இடத்தில்தான் சேர்த்திருக்கிறேன்.

உன் அண்ணி

———

மார்ச் 14

அண்ணி,

பாடம் பத்து மணிக்கு. ஒன்பதே முக்காலுக்குப் பேராசிரியர் தனியாக வந்தார்கள். நான் மாதிரியை மேஜையில் விரித்து வைத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்கள். ஏறுகிற குடலைத் தொட்டார்கள், அசையவில்லை. குறுக்குக் குடலைத் தூக்கினார்கள், தூக்க வந்தது. "ம்" என்றார்கள். இரண்டு திருப்பத்தையும் பார்த்தார்கள். "ம்." குஞ்சத்தை ஒரு விரலால் ஆட்டினார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எல்லாம் சரி. குடல்வால் எங்கம்மா?" என்றார்கள்.

குடல்வால் இல்லை.

அண்ணி, நானும் அப்போதுதான் கவனித்தேன். பை இருக்கிறது, ஜிப் இருக்கிறது, பக்கத்தில் சிறுகுடல் வந்து சேர்கிறது. தொங்கவேண்டியதைக் காணோம். பிரித்துத் தைத்த அவசரத்தில் விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது. "டெய்லர் மறந்துட்டாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சொல்லவில்லை. கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் "எங்கண்ணி கவனமில்லாம தைச்சுட்டாங்க" என்று சொன்னது போதும் என்று தோன்றியது. உங்கள் கடிதத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. முன்பக்க நாடாவின் மேல் விரலை வைத்தேன். அப்படியே கீழே இழுத்துக்கொண்டு போனேன். பையின் அடிவரை போய், அது பின்பக்கமாக வளைந்தது. பையைத் தூக்கினேன். மற்ற இரண்டு நாடாவும் அங்கே வந்து சேர்ந்திருந்தன. அவை சேர்ந்த இடத்திலிருந்து, பைக்குப் பின்னால் மேல்நோக்கி மடங்கி, திருட்டுப் பூனை வால் மாதிரி, நாலு அங்குலம்.

"இருக்கு மேடம். ஒளிஞ்சிருக்கு."

பேராசிரியர் சிரித்து நான் பார்த்ததில்லை. "சர்ஜன் தேடுறதும் இப்படித்தான்" என்றார்கள். வகுப்பிலும் அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, குடல்வாலைக் கண்டுபிடி என்றார்கள். முதல் ஏழு பேர் இல்லை என்று சொன்னார்கள். எட்டாவதாக வந்த பெண் நாடாவைப் பிடித்தாள். அறை முழுக்கக் கைதட்டல்.

அப்புறம் ஜிப்பைத் திறந்து உங்கள் லேபிளைச் சத்தமாகப் படித்துவிட்டார்கள். "இடது வலது போட்டிருப்பவருடையது. எதிரில் நின்று சண்டை போடுபவருடையது அல்ல." அது யார் எழுதியது என்று கேட்டார்கள். எங்கள் அண்ணி என்று சொன்னேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை வாயால் சொன்னேன்.

எதையும் எழுதவில்லை, வேலை இருக்கிறது. பிளாஸ்டர் மாதிரி இனி வேண்டாமாம், கீழே விழுந்தாலும் உடையாத ஊழியருக்கு உடையாத குடல்தான் சரியாம். அடுத்தது இரைப்பை கேட்கிறார்கள்.

கோட் பற்றி நீங்கள் எழுதியதைப் பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. சீட்டை எடுத்துக் காட்டியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வண்டியில் வரலாமா? ஆனால் சபதம் என்னுடையது. முதல் வார்த்தையை நான் எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் நாத்தனார்

———

மார்ச் 15

நாத்தனாருக்கு,

வா. கேட்டுக்கொண்டா வருவது?

வரும்போது உன் பிள்ளையின் கோட்டைக் கொண்டு வா. மேல்பையை இடம் மாற்றித் தருகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, வயிற்றுப் பக்கத்தையும் பிரித்துவிடவேண்டியிருக்கும். உள்ளே ஐந்தடிக் குடல் வைத்திருக்கிறவன், கொஞ்சம் தாராளமாகவே தைப்போம். இரைப்பைக்குப் படம் வரைவதாக இருந்தால், ஓர் ஆளைப் படுக்கவைத்து வரை.

சபதத்தை நினைத்துக் கவலைப்படாதே. நீ ஒன்றும் பேசவேண்டாம். வந்து என் பின்னால் உட்கார்ந்து தலையைப் பின்னிவிடு. உன் அண்ணன் போட்ட சிக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, உனக்காகவே பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகும் நீ வாயைத் திறக்காமல் இருந்தால், நீ ஜெயித்தாய்.

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். என் குடுமிதான் உன் கையில் இருக்குமே.

உன் அண்ணி